தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி (இந்தியா)

பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குத் துறை அறிவிலும் கற்பித்தல் முறையிலும் பணிக்காலத்தில் அளிக்கப்படும் பயிற்சி. பள்ளி ஆசிரியராகப் பி.எட். போன்ற கல்வியியல் பட்டம் வேண்டும். பொறியியல் ஆசிரியருக்குத் துறைப் பட்டமே தகுதி. இதனால் பாடம் நடத்தும் முறையை அவர் வேலையில் சேர்ந்த பின்னரே கற்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம்
விடுதலைக்குப் பின் பாலிடெக்னிக்குகள் பெருகியபோது ஆசிரியர் பற்றாக்குறை ஏற்பட்டது. அதைச் சமாளிக்க 1960களின் நடுவில் சென்னை, போபால், கொல்கத்தா, சண்டிகர் ஆகிய நான்கு நகரங்களில் மத்திய அரசு தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை அமைத்தது. தென் மாநிலங்களுக்கான நிறுவனம் 1964இல் தொடங்கியது. சென்னைத் தரமணியில் இயங்குகிறது. 2003இல் இந்நான்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் எனப் பெயர் மாறின.

பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்காக 1970இல் தரமேம்பாட்டுத் திட்டம் (கியூஐபி) வந்தது. தாய்க் கல்லூரியின் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டே ஐஐடி போன்ற நிறுவனங்களில் எம்.டெக்., பிஎச்.டி. படிக்க இது வழிசெய்தது. இத்திட்டம் துறை அறிவையே முதன்மையாக வளர்த்தது.

கற்பித்தல் முறைக்கு முக்கியத்துவம்
ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் விரிவுரைகள், தேர்ந்த பேராசிரியர்களின் வகுப்புகளை மற்றக் கல்லூரி ஆசிரியர்களும் பார்க்க வகைசெய்தன. 2014இல் இந்தியா, பொறியியல் பட்டங்களின் தர அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினரானது. அந்த உடன்படிக்கைக்கு ஏற்ப, பாடத்திட்டம் முடிந்ததா என்பதோடு, மாணவர் எதைச் செய்யத் தெரிந்துகொண்டார் என்பதும் தர அங்கீகாரத்தில் அளவிடப்பட்டது. பாட விளைவுகளை வரையறுப்பதும் அவற்றுக்கேற்ப வினாத்தாள் அமைப்பதும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளில் (எஃப்டிபி) வழக்கமான தலைப்புகளாயின.

புகுமுகப் பயிற்சி
அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ), புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு எட்டுப் பாடப்பகுதிகள் கொண்ட பயிற்சியை வகுத்தது. கற்பித்தல் திட்டமிடல், மாணவர் மதிப்பீடு, தொழில் அறம், கல்லூரி நிர்வாகம் முதலியவை இதில் அடங்கும். 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாக இவை நடத்தப்படுகின்றன. தரமணியிலுள்ள சென்னை நிறுவனம் இவற்றை ஒருங்கிணைக்கிறது. 2019ஆம் ஆண்டின் ஏஐசிடிஇ விதிமுறைகள் பதவி உயர்வுக்கும் பயிற்சிகளை நிபந்தனையாக்கின. இவ்வாறு, தனியொரு பட்டப்படிப்பாக வேரூன்றாத பொறியியல் கல்வியியல், பணி விதிகளின் வழியே ஆசிரியர் தகுதியில் இடம்பெற்றது.