அருவி இருந்தால் போதுமா?

இங்கிலாந்தின் டெர்பிஷயர் நாடா ஆலைகளுக்கு மூதாதை ஆர்க்ரைட். 1771-இல் குரோம்ஃபோர்டில் நீர்ச்சக்கரத்தை வைத்துப் பருத்தி நூற்றவர். அவர் எழுப்பிய ஹார்லெம் ஆலையில்தான் பிற்காலத்தில் நாடா நெய்தார்கள். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1885-இல் பாபநாசத்தில் நூற்பாலை தொடங்கியபோது, இங்கிலாந்து நீராவிக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. இவர்களோ தாமிரபரணியின் வீழ்ச்சியையே நம்பினார்கள். அதில் பழமைப்பற்று ஏதுமில்லை, வெறும் செலவுக் கணக்குதான். திருநெல்வேலிச் சீமையில் நிலக்கரி கிடையாது. தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஆறு கூலி கேட்பதில்லை. கரிசல் பருத்தியும் பக்கத்திலேயே விளைந்தது. ஹார்வி மில்லின் கதையை இரு சகோதரர்களின் துணிச்சலாகச் சொல்வது வழக்கம். இடம்தான் பாதி முதலாளி என்பது என் கட்சி.

தூத்துக்குடியிலும் மதுரையிலும் அருவி ஏது, அங்கும் அவர்கள் மில் நடத்தினார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தூத்துக்குடியில் துறைமுகம் இருந்தது. நிலக்கரியும் இயந்திரமும் கப்பலில் இறங்கின, நூல் கப்பலில் ஏறியது. மதுரைக்கு 1875-லேயே ரயில் வந்துவிட்டது, நூல் வாங்க நெசவாளர்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். ஓரிடத்தில் ஆறு செய்த உதவியை மற்ற இடங்களில் கடலும் தண்டவாளமும் செய்தன. ஆறும் பருத்தியும் காலங்காலமாக இருந்தும் உள்ளூரார் ஏன் மில் கட்டவில்லை என்பது அடுத்த கேள்வி. மூலதனமும் இயந்திரங்களை வரவழைக்கும் வணிகத் தொடர்பும் ஹார்விகளிடம் இருந்தன. அந்தப் பெருமையை மறுப்பதற்கில்லை.

அதற்காக இடம் என்பதை வெறும் நிலப்படமாகச் சுருக்கிவிடவும் கூடாது. லிட்டில் அந்தமானில் ஹட் பே பக்கம் வெண்ணுரை பொங்க விழும் ஒயிட் சர்ஃப் அருவி இருக்கிறது, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியும் இருக்கிறது. அங்கே வந்ததென்னவோ எண்ணெய்ப்பனைத் தோட்டம்; நூற்பாலை வரவில்லை. பருத்தி விளையும் மண்ணும், கூலிக்கு ஆள் திரளும் ஊர்களும் இல்லாத தீவில் அருவி அருவியாகவே விழுந்துகொண்டிருக்கும். ஹார்விகளுக்குத் தெற்குச் சீமை கொடுத்தவற்றில் மலிவான உழைப்பு முக்கியமானது; நிறுவன வரலாறுகள் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதியும் அதுதான்.

அந்த உழைப்பின் விலை 1908 பிப்ரவரி இறுதியில் வெளியே வந்தது. ஹார்விகளின் தூத்துக்குடி ஆலையான கோரல் மில்லின் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள், வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. தூண்டிவிட்ட அரசியல் வேலைநிறுத்தம் இது என்று ஒரு வாதம் உண்டு. அவருக்கு அரசியல் இருந்தது உண்மை. ஆனால் ஞாயிறு ஓய்வு கேட்க யாரும் சுதேசி முழக்கத்தைக் கற்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்த அந்த வேலைநிறுத்தம் நிர்வாகம் இறங்கிவந்த பிறகே முடிந்தது. இறங்கிவந்தும் மில் ஓடியது, வளர்ந்தது. 1974-இல் பெய்ஸ்லியின் கோட்ஸ் நூல் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. கேட்டதைக் கொடுத்திருந்தால் தொழில் கட்டுபடியாகியிருக்காது என்ற பேச்சுக்கு இதுவே பதில். மார்ச் 12-இல் கைதான வ.உ.சி.க்கு விதித்த தண்டனையோ இரட்டை ஆயுள் நாடுகடத்தல். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில்.