பியோனி விளக்கு

கிழக்கு ஆசியாவின் பேய்க் காதல் கதைகளில் நீண்ட ஆயுள் கொண்டவற்றில் ஒன்று 'பியோனி விளக்கு'. ஜப்பானியர் இதை 'போட்டன் டோரோ' என்பார்கள். சீனத்தில் 14ஆம் நூற்றாண்டில் சிறுகதையாகப் பிறந்து, ஜப்பானில் கதைத் தொகுப்பு, மேடைக் கதைசொல்லல், அச்சு நாவல், கபுகி நாடகம், திரைப்படம் எனப் பல உருவெடுத்தது. இறந்துபோன இளம்பெண் ஒருத்தி, பணிப்பெண் பியோனி மலர் பதித்த விளக்கை ஏந்தி முன்னே நடக்க, இரவுதோறும் காதலன் வீட்டுக்கு வருகிறாள். எல்லா வடிவங்களுக்கும் கரு இதுதான். அந்தக் காதலன் சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத்தான் ஒவ்வொரு காலமும் வேறு வேறு பதில் வைத்திருக்கிறது.

மூலக்கதையை எழுதியவர் ஹாங்சோ நகரத்தைச் சேர்ந்த சூ யோ. 1378ஆம் ஆண்டு முன்னுரையுடன் வந்த 'ஜியன்டெங் சின்ஹுவா' என்ற தொகுப்பில் இது இடம்பெற்றது. கதை நடப்பது 1360இல், நிங்போ நகரில், முதல் மாதப் பௌர்ணமி விளக்குத் திருவிழா அன்று. மனைவியை இழந்து தனியே வாழும் சியாவ் என்ற இளைஞன், விளக்கொளியில் வரும் லீசிங் என்ற அழகியைக் கண்டு வீட்டுக்கு அழைத்துப்போகிறான். அவர்களின் உறவு நாள்தோறும் தொடர்கிறது. சந்தேகப்பட்ட பக்கத்து வீட்டுக் கிழவர் சுவர் ஓட்டை வழியே பார்க்க, பவுடர் பூசிய எலும்புக்கூடு ஒன்று அவன் அருகே உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஏரிக்கரைக் கோயிலில் அவளுடைய சவப்பெட்டியை அவன் காண்கிறான். அதன் முன்னே அதே விளக்கு. பக்கத்தில், முதுகில் பணிப்பெண்ணின் பெயர் எழுதிய பிரேதப் பொம்மை. தாவோயிசத் துறவி கொடுத்த மந்திரச் சீட்டுகள் கொஞ்ச காலம் காக்கின்றன. ஒருநாள் குடிமயக்கத்தில் கோயில் வழியே போனவனை லீசிங் பெட்டிக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் வெறும் எச்சரிக்கைக் கதையாக நின்றிருக்கும். சூ யோ விடவில்லை. சியாவும் பேயாகிறான். மேகம் கவிந்த பகல்களிலும் நிலவில்லாத இரவுகளிலும் இருவரும் கைகோத்து உலவுகிறார்கள்; எதிரே வருபவர்கள் நோயில் விழுகிறார்கள். கடைசியில் மலைவாழ் துறவி ஒருவர் பணிப்பெண்ணையும் சேர்த்து மூவரையும் பிடித்து, வாக்குமூலம் வாங்கி, நரகத்துக்கு அனுப்புகிறார். செத்த பிறகும் சேர்ந்திருப்பதையே குற்றமாக்கி விசாரிக்கும் அந்த நீதிமன்றக் காட்சியில், ஆசிரியரின் மனம் தண்டிப்பவர் பக்கம்தான் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாக்குமூலங்களை அவர் அத்தனை அக்கறையோடு எழுதியிருக்கிறார்.

அரசு அந்தத் தொகுப்பை ரசிக்கவில்லை. தலைநகரின் அரசுக் கல்விக்கழகத் தலைவர் லீ ஷிமியன் கேட்டுக்கொண்டதன்பேரில் 1442இல் அதற்குத் தடை விதிக்கப்பட்டது. சொந்த நாட்டில் ஒடுங்கிய நூல் அண்டை நாடுகளில் செழித்தது. கொரியாவில் கிம் சி-சப், வியட்நாமில் நுயென் ஸு ஆகியோர் அதை முன்மாதிரியாகக் கொண்டு தத்தம் நாட்டு மாயக்கதைகளை எழுதினார்கள். ஜப்பானுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

1666இல் பௌத்தத் துறவியும் எழுத்தாளருமான அசாய் ரியோயி, 'ஒதொகிபோகோ' என்ற தொகுப்பில் இக்கதையைக் கியோட்டோவுக்குக் குடியேற்றினார். விளக்குத் திருவிழாவுக்குப் பதில் ஜப்பானியரின் 'போன்' நாட்கள் வந்தன. முன்னோர் ஆவிகள் வீடு திரும்புவதாக நம்பப்படும் காலம் அது. பேய் வருவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் எது? முடிவையும் மாற்றினார். விசாரணை இல்லை, நரகம் இல்லை. காதலனின் குடும்பத்தார் தாமரைச் சூத்திரம் ஓதவைத்ததும் ஆவிகள் அடங்கிவிடுகின்றன. குற்றவாளிகளாக இருந்தவர்கள் இங்கே கரையேற்றப்பட வேண்டிய உயிர்கள்.

இன்று ஜப்பானில் 'போட்டன் டோரோ' என்றதும் நினைவுக்கு வருவது இவை இரண்டுமல்ல. சான்யூதெய் என்சோ (1839–1900) சொன்ன கதைதான். ரகுகோ என்பது மெத்தையில் உட்கார்ந்தபடியே ஒருவர் எல்லாப் பாத்திரங்களையும் குரலால் காட்டும் கலை. அதன் மாபெரும் கலைஞரான என்சோ, தம் இருபதுகளின் தொடக்கத்தில் இக்கதையைப் பல இரவுகள் நீளும் தொடராக விரித்தார். இடம் எடோ நகரம். காதலன் ஷின்சபுரோ, வேலையற்ற சாமுராய். காதலி ஒட்சுயு, உயர்குடிச் சாமுராயின் மகள். ஒருமுறை சந்தித்தவர்களால் மறுபடி சந்திக்க முடியவில்லை. ஏக்கத்திலேயே அவள் இறந்துபோகிறாள். செய்தி கேட்டு அவன் உருகிக் கிடக்கும் 'போன்' இரவில், தெருவில் மர மிதியடிச் சத்தம் கேட்கிறது: கரன் கோரோன், கரன் கோரோன்.

என்சோவின் மேதைமை அந்தச் சத்தத்தில் இருக்கிறது. ஜப்பானியப் பேய்க்குக் கால் கிடையாது. 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மரபு அது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று கேட்டு வளர்ந்த நமக்கும் இது புதிதல்ல. கதைக்குள்ளேயே ஒளிந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஒட்சுயுவுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனாலும் மிதியடி ஒலிக்கிறது. மேடையில் குரலும் விசிறியும் கைத்துணியும் தவிர வேறு கருவியில்லாத கலைஞனுக்குக் காது வழியாகத்தான் பேயைக் கொண்டுவர முடியும்.

உண்மை தெரிந்ததும் ஷின்சபுரோ சன்னல்களில் மந்திரச் சீட்டு ஒட்டுகிறான், மேனியில் பொன்னால் ஆன புத்தர் சிலையைக் கட்டிக்கொள்கிறான். உள்ளே வர முடியாத பேய்கள், அவனை அண்டிப் பிழைக்கும் தொமோசோவிடம் சீட்டைக் கிழிக்கச் சொல்லி மன்றாடுகின்றன. அவன் மனைவி ஒமினே கணக்குப் போடுகிறாள்: நூறு பொற்காசு கேட்போம், பேயால் எப்படிக் கொண்டுவர முடியும்? கொண்டுவந்துவிடுகின்றன. கணவனும் மனைவியுமாகச் சிலையைத் திருடிக்கொண்டு சீட்டையும் எடுத்துவிடுகிறார்கள். காலையில் ஷின்சபுரோ பிணமாகக் கிடக்கிறான்.

காசோடு ஊர்விட்டுப் போன தொமோசோ பிறகு மனைவியையும் கொல்கிறான். கடைசியில் இன்னொன்றும் சொல்கிறான்: ஷின்சபுரோவைக் கொன்றது நானே, கல்லறையிலிருந்து எலும்பைத் தோண்டி அருகில் போட்டதும் நானே, பேய்க் கதையைப் பரப்பியதும் நானே. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த கேட்பவரின் காலடி நழுவுகிறது. சீனக் கதையில் பேய் கொன்றது. இங்கே பணம் கொன்றது. இதன் இடையிடையே ஒட்சுயுவின் தந்தையைச் சுற்றிய பழிவாங்கும் கதை ஒன்றும் ஓடுகிறது. நாடகமாகவும் படமாகவும் ஆக்கியவர்கள் பெரும்பாலும் கத்தரி வைத்தது அந்தப் பகுதியில்தான்.

இக்கதைக்கு இலக்கிய வரலாற்றில் தனி இடம் கிடைத்ததற்குக் காரணம் சுருக்கெழுத்து. 1882இல் தகுசாரி கோகி ஜப்பானியச் சுருக்கெழுத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அந்த முறையில் தேர்ந்த வகபயாஷி கன்சோவும் சகாய் ஷோசோவும் என்சோ சொல்லச்சொல்ல எழுதியெடுத்த 'கைதன் போட்டன் டோரோ' 1884இல் பகுதி பகுதியாக அச்சேறி நன்றாக விற்றது. பேசும் மொழியை அப்படியே படிக்க முடியும் என்பது அதுவரை இலக்கண நடைக்குப் பழகிய வாசகருக்கு வியப்பு. எழுத்தாளர் சுபோஉச்சி ஷோயோ பிந்தைய பதிப்புக்கு முன்னுரை தந்தார். நாவல் எழுத வழி கேட்டு வந்த ஃபுதபதெய் ஷிமெயிடம், என்சோ கதை சொல்வதுபோல எழுதிப்பாரும் என்று சொன்னவரும் அவரே. நவீன ஜப்பானிய நாவலின் தொடக்கம் எனப் போற்றப்படும் ஃபுதபதெயின் 'உகிகுமோ' 1887இல் வெளிவரத் தொடங்கியது. ஒரு பேய்க் கதை நாட்டின் உரைநடையையே திருப்பிவிட்டது என்றால் சற்று மிகைதான். ஆனால் பேரளவில் அல்ல.

1892இல் மூன்றாம் கவதகே ஷின்ஷிச்சி இதைக் கபுகியாக்க, ஐந்தாம் ஓனோஎ கிகுகோரோ கபுகி-ஸா அரங்கில் நடித்தார். 1899இல் லஃப்காடியோ ஹெர்ன் தம் 'இன் கோஸ்ட்லி ஜப்பான்' நூலில் ஆங்கிலத்தில் சொன்னார். காதலர் கல்லறைகளைத் தேடிப் போய், அங்கே இருப்பவை வேறு யாருடையவோ என்று கண்டதையும் எழுதிவைத்தார். பிற்காலப் படங்களில் சத்சுவோ யமமோட்டோ 1968இல் இயக்கியது பெயர்பெற்றது. 2019இல் என்எச்கே தொலைக்காட்சி தயாரித்த தொடர், வழக்கமாக வெட்டப்படும் பழிவாங்கும் கதையையும் சேர்த்து என்சோவின் முழுக்கதையைக் காட்டியது.