இடைக்காலத் தடையும் நம் கடமையும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வணிகம் செய்துவரும் நம் குடும்பங்களுக்குப் பங்காளிகள் பிரிவதும் கடை வாடகைத் தகராறும் புதியவை அல்ல. பேச்சுவார்த்தை முறிந்தால் நாம் கேள்விப்படும் முதல் சொல் 'இடைக்காலத் தடையுத்தரவு'. வழக்கு முடியும்வரை இருப்பதை இருந்தபடி காப்பதே அதன் நோக்கம். 'இடைக்காலம்தானே' என்று அதை இலேசாக எண்ணுவோர் நம்மிடையேயும் உண்டு. அது எவ்வளவு வலிமையானது என்பதற்கு நம் தலைநகரின் வரலாறே சான்று.

இங்கிலாந்தில் பிறந்த இம்முறை இந்தியாவின் 1877ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. அதைத் தழுவியே நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுத் தனி நிவாரணச் சட்டம் அமைந்தது.

1990களின் தொடக்கத்தில் எம்.பி.எஃப். ஹோல்டிங்ஸ் நிறுவனம், வழக்கறிஞரும் புக்கிட் பிந்தாங் நாடாளுமன்ற உறுப்பினருமான வீ சூ கியோங்கிற்கு எதிராகத் தடையுத்தரவு பெற்றது. அதை அவர் மீறினார் என்ற புகார் நீதிமன்ற அவமதிப்பு வழக்காயிற்று. உத்தரவு தவறானது என்று ஒருவர் தாமே முடிவு கட்ட முடியாது, அது நீக்கப்படும்வரை கீழ்ப்படிவதே கடமை என 1993இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 7,000 வெள்ளி. 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்றவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்பது நம் அரசியலமைப்பின் விதி. ஆகவே, 1995 பொதுத்தேர்தலில் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தும் அந்த வெற்றி நிலைக்கவில்லை.

உத்தரவைப் பெற்றவருக்கும் பொறுப்புண்டு. எதிர்த்தரப்பைக் கேளாமல் வழங்கப்பட்ட தடை 21 நாள்களில் தானாகக் காலாவதியாகிவிடும். மீறினால் சிறை செல்ல நேரிடும் என்ற எச்சரிக்கையை உத்தரவில் பொறித்து, அதை எதிராளியின் கையிலேயே சேர்ப்பிக்க வேண்டும். அதன்பின் அவர் மீறினால், முதலில் நீதிமன்ற அனுமதி பெற்றே அவமதிப்பு நடவடிக்கை தொடங்க முடியும். ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தால் அபராதமோ சிறையோ கிடைக்கும். இப்படிகளில் ஒன்று தவறினாலும் கையிலுள்ள உத்தரவு வெறும் காகிதமாகிவிடக்கூடும். வழக்கில் தோற்றால், தடையால் எதிராளிக்கு நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்வதாகவும் நாம் உறுதியளிக்க வேண்டும்.

தமிழகத்தில் உறவினரோடு சொத்து வழக்குள்ளோர் அங்குள்ள விதியையும் அறிவது நல்லது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தடையை மீறுபவரின் சொத்தை நீதிமன்றம் பற்றுகை செய்யலாம். மூன்று மாதம்வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம்.

உத்தரவு நமக்கு எதிரானதாக இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: அதற்குக் கீழ்ப்படிந்துகொண்டே, அதை நீக்கக் கோரி அதே நீதிமன்றத்தை நாடுவது. பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் இளைய வணிகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.