தன்னியக்க நரம்பு மண்டலச் சீராக்கம்

தன்னியக்க நரம்பு மண்டலச் சீராக்கம் என்பது இதயத் துடிப்பு, குருதி அழுத்தம், செரிமானம், வியர்வை முதலிய, பெரும்பாலும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத உடற்செயல்களை ஆளும் நரம்புகளைப் பயிற்சியாலும் ஓய்வாலும் சமநிலைக்குக் கொண்டுவரும் முறைகளின் பொதுப்பெயர் ஆகும். மெதுவான மூச்சுப் பயிற்சி, பிராணாயாமம், சவாசனம், தியானம் ஆகியவை இவற்றுள் அடங்கும். உயர் குருதி அழுத்தம், நாட்பட்ட முதுகுவலி போன்ற சில நோய்களில் இவை மருத்துவத்துக்குத் துணையாகின்றன. ஆயினும் நோயின் காரணம் உடலுக்கு வெளியே, தொழிலிடத்தில் இருக்குமாயின் நரம்புகளைச் சீராக்குவது மட்டும் போதாது. இதற்கு மரக்காணம் போன்ற கடலோர உப்பளங்கள் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

வரலாறு

"தன்னியக்க நரம்பு மண்டலம்" என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1898 ஆம் ஆண்டு ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஜான் லாங்லி வழங்கினார். அச்சத்திலும் சினத்திலும் உடல் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாவதை அமெரிக்கரான வால்ட்டர் கேனன் 1915 இல் விளக்கினார். 1921 இல் ஓட்டோ லோவி, தவளையின் இதயத்தைக் கொண்டு, வேகசு நரம்பு ஒரு வேதிப்பொருளை வெளியிட்டு இதயத் துடிப்பைத் தணிக்கிறது என்று காட்டினார். இவர் 1936 இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தியாவில் 1969 இல் மும்பையைச் சேர்ந்த மருத்துவர் கே. கே. தாத்தேயும் குழுவினரும் சவாசனம் குருதி அழுத்தத்தைக் குறைப்பதை வெளியிட்டனர். 1973 இல் இலண்டனில் மருத்துவர் சந்திரா படேல் யோகத்தையும் உயிரியப் பின்னூட்டத்தையும் இணைத்து உயர் குருதி அழுத்த நோயாளிகளுக்குப் பயிற்சியளித்த ஆய்வு 'லான்செட்' இதழில் வெளிவந்தது.

தொழிற்படும் முறை

இம்மண்டலம் இரு முதன்மைப் பிரிவுகளைக் கொண்டது.

* பரிவு நரம்புகள்: இதயத் துடிப்பைக் கூட்டும், வியர்வையைச் சுரக்கச் செய்யும், உழைப்புக்கும் ஆபத்துக்கும் உடலை ஆயத்தப்படுத்தும்.
* எதிர்ப்பரிவு நரம்புகள்: இதயத் துடிப்பைத் தணிக்கும், செரிமானத்தைத் தூண்டும். இவற்றுள் முதன்மையானது பத்தாவது மண்டை நரம்பாகிய வேகசு நரம்பு.

தானாகவும் நடந்து, நம் விருப்பத்துக்கும் இணங்குவது மூச்சு. ஆகையால் இம்மண்டலத்தை நாமே அணுகுவதற்கு அது எளிய வாயிலாக அமைகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவடையும். வெளிவிடும்போது வேகசு நரம்பின் செயலால் தணியும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறை மூச்சுவிடும்போது இந்த ஏற்றத்தாழ்வு, குருதி அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலின் தாளத்தோடு ஒன்றுகிறது. செபமாலை வேண்டுதலும் மந்திர உச்சரிப்பும் மூச்சை இயல்பாகவே இந்த வேகத்துக்குக் கொண்டுவருகின்றன என்பதை இத்தாலியரான பெர்னார்டியும் குழுவினரும் 2001 இல் காட்டினர்.

புதுச்சேரி ஆய்வுகள்

புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறை இவ்வாய்வில் நீண்டகாலம் ஈடுபட்டுள்ளது. 2004 இல் வெளியான ஆய்வொன்றில் 60 மருத்துவ மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினர் மெதுவான மூச்சுப் பயிற்சியையும் மற்றொரு குழுவினர் விரைவான மூச்சுப் பயிற்சியையும் மூன்று மாதங்கள் செய்தனர். மெதுவாக மூச்சுவிட்டவர்களிடம் எதிர்ப்பரிவு நரம்புகளின் செயல் கூடியது. பரிவு நரம்புகளின் செயல் குறைந்தது. விரைவாக மூச்சுவிட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

2011 இல் வெளியான மற்றோர் ஆய்வில் உயர் குருதி அழுத்தம் உடைய 23 பேர் நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் 5 நிமிடம் சுகப் பிராணாயாமம் செய்தனர். உடனடியாக அவர்களது இதயத் துடிப்பும் குருதி அழுத்தமும் குறைந்தன. இவை சிறிய ஆய்வுகள். பின்னதில் அளக்கப்பட்டது உடனடி விளைவு மட்டுமே என்பது கருதத்தக்கது.

நாட்பட்ட நோய்களில் பயன்

மாரடைப்புக்குப் பின் யோகப் பயிற்சி அளிப்பதைச் சோதித்த பெரிய ஆய்வு இந்தியாவில் 24 மருத்துவ மையங்களில் 3,959 நோயாளிகளைக் கொண்டு நடந்தது. 2020 இல் வெளியான அதன் முடிவு இருவகைப்பட்டது. யோகக் குழுவினர் தம் உடல்நலத்தை மேலானதாக உணர்ந்தனர். நோய்க்கு முன் செய்துவந்த வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினர். ஆனால் இறப்பு, மீண்டும் மாரடைப்பு போன்ற நிகழ்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அமெரிக்காவில் 2021 இல் வெளியான ஆய்வில், நாட்பட்ட முதுகுவலி உடைய 151 பேர் பங்கேற்றனர். வலி ஆபத்தின் அடையாளம் அன்று என்று மூளைக்கு மீளக் கற்பிக்கும் உளவழிச் சிகிச்சை பெற்றவர்களுள் 66 விழுக்காட்டினர் வலி நீங்கியதாகவோ பெரும்பாலும் நீங்கியதாகவோ கூறினர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் இது 10 விழுக்காடு. திசுக்களில் சேதம் காணப்படாத வலிக்கே இம்முறை பொருந்தும்.

மரக்காணம் உப்பளங்கள்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ள பேரூர் ஆகும். பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில் முடிவடைகிறது. அருகிலுள்ள கழுவேலி நீர்நிலை 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்கு உப்பு விளைச்சல் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தொடங்கிக் கோடையில் உச்சமடைகிறது. பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்துதல், விளைந்த உப்பைப் பலகையால் வரப்புக்கு இழுத்தல், சுமத்தல் ஆகியவை நிழலற்ற வெளியில் நடைபெறுகின்றன. மேலிருந்து வெயிலும் கீழே வெண்ணிற உப்பிலிருந்து எதிரொளியும் தாக்குகின்றன.

இந்நிலையில் உடலின் வெப்பத்தை மூளையின் ஐப்போதலாமசு உணர்கிறது. பரிவு நரம்புகள் தோலின் குருதிக் குழாய்களை விரித்து வியர்வையைச் சுரக்கச் செய்கின்றன. தோலுக்குச் செல்லும் குருதியை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கிறது. சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் செல்லும் குருதி குறைக்கப்படுகிறது. நீர் இழப்பு தொடர்ந்தால் சிறுநீர் செறிவடைகிறது. ஆக, உப்பளத்தில் விரைந்து துடிக்கும் இதயம் நரம்பு மண்டலத்தின் கோளாறு அன்று. அது உயிரைக் காக்கும் சரியான செயல். அதை மூச்சுப் பயிற்சியால் தணிக்க முயல்வது காரணத்தை விட்டு அடையாளத்தைப் பிடிப்பதாகும். இந்த நெருக்கடி நாள்தோறும், ஆண்டுதோறும் நிகழ்ந்தால் சிறுநீரகம் நிலையாகப் பழுதடையக்கூடும்.

தமிழக உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2023 இல் வெளியானது. பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயற்பாடு குறைந்திருந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாமையால் பெண்கள் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வது இச்சிக்கலை மேலும் கடுமையாக்குகிறது.

நடு அமெரிக்காவின் கரும்புத் தொழிலாளரிடமும் இத்தகைய சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. அங்கு "நீர், ஓய்வு, நிழல்" என்னும் திட்டம் சில ஆலைகளில் நடைமுறைக்கு வந்தது. உப்பளங்களுக்கும் பொருந்தும் தேவைகள் வருமாறு:

* வேலையிடத்துக்கு அருகிலேயே குடிநீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும்
* நிழற்குடிலும் முறையான இடைவேளைகளும்
* பெண்களுக்குக் கழிப்பறை
* புதியவர்களுக்கும் விடுப்பிலிருந்து திரும்புவோருக்கும், உடல் வெப்பத்துக்குப் பழகும் ஓரிரு வாரங்களில் குறைந்த வேலை
* சிறுநீரகச் செயற்பாட்டைக் காட்டும் குருதிச் சோதனை

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

வரம்புகளும் எச்சரிக்கைகளும்

* இம்முறைகள் மருந்துக்கு மாற்று அல்ல. குருதி அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை மருத்துவர் அறிவுரையின்றி நிறுத்தலாகாது.
* சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளும் இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்துகளும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கலாம். வெயிலில் உழைப்போர் தம் தொழிலை மருத்துவரிடம் கூறுதல் நன்று.
* நெடுங்கால நீரிழிவு தன்னியக்க நரம்புகளையே பழுதாக்கக்கூடும். அத்தகையோருக்கு வியர்வை குறைந்து வெப்பத் தாக்கு எளிதில் நேரும்.
* நரம்புகளைப் பழக்கினால் எந்நோயும் தீரும் என்னும் கூற்றுகளுக்குச் சான்று இல்லை. நாட்பட்ட களைப்பு நோய்க்கு "லைட்னிங் புராசசு" என்னும் பயிற்சியை அளிக்கலாகாது என்று பிரித்தானிய வழிகாட்டுநெறி 2021 இல் அறிவித்தது.
* வெயிலில் மயக்கம், குழப்பம், வலிப்பு தோன்றினால் அது மருத்துவ அவசரநிலை. உடலை உடனே குளிர்வித்து, 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* பிராணாயாமம்
* சிறுநீரகம்
* வெப்பத் தாக்கு
* உப்பளம்
* மரக்காணம்