பீப்பாய் செய்தவரும் எறும்புகளைக் கவனித்தவரும்

1880களில் லண்டன் நாடகக் கொட்டகை முதலாளிகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கொட்டகையில் தீப்பிடித்தால் மக்கள் வெளியேற வழி இருக்கிறதா, படிக்கட்டு போதுமான அகலமா என்று பார்க்க மாநகரப் பணி வாரியத்திலிருந்து ஓர் உதவிக் கட்டடக் கலைஞர் வருவார். வந்து பார்த்துவிட்டுப் போனபின் அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். கொட்டகையின் குறைபாடுகளைப் பற்றியதன்று. இலவச நாடகச் சீட்டுகள் கேட்டு. இத்தகைய சில்லறை விஷயங்களோடு பெரிய விஷயங்களும் 1888இல் ஹெர்ஷல் பிரபு தலைமையில் அமர்ந்த விசாரணைக் குழுவின் முன் வெளிவந்தன. பிக்காடில்லியில் வாரியத்துக்குச் சொந்தமான இடத்தில் நின்ற லண்டன் பெவிலியன் இசை அரங்கின் குத்தகை விவகாரத்தில், நிலத்துக்கு விலை மதிப்பிட்ட வாரிய அலுவலரே குத்தகைக்காரரிடம் மறைவாகப் பணம் பெற்றிருந்தார். வாரியத்தின் உறுப்பினர்களாக இருந்த ஃபௌலர், சாண்டர்ஸ் என்னும் இருவர் தொழிலால் கட்டடக் கலைஞர்கள். வாரியத்தின் ஒப்புதல் வேண்டிக் காத்திருந்தவர்களிடமே தொழில்முறைக் கட்டணமும் பெற்றுக்கொண்டார்கள். அவர்களை அமர்த்திக்கொண்டால் ஒப்புதல் எளிதில் கிடைக்கும் என்று ஊரார் நினைத்ததில் வியப்பில்லை.

இதே வாரியம்தான் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளரைக் கொண்டு லண்டனின் கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டியது என்பதை மறந்துவிடக் கூடாது. 1858இன் கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த நகரத்தைக் காப்பாற்றும் வேலையை ஏற்றுச் செய்தது அவ்வமைப்பு. திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் வாரிய உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கீழ்நிலை வட்டாரச் சபைகள் அனுப்பிவைத்தன. ஆகவே கட்டடம் தெரிந்தவர் கட்டடத்தை மேற்பார்த்தார், நிலம் தெரிந்தவர் நிலத்துக்கு விலை வைத்தார், அவர்களை மேற்பார்க்க எவரும் இல்லை. வாரியம் ஒழிக்கப்பட்டது. தன் கடைசி நாட்களில் பிளாக்வால் சுரங்கப்பாதைக்கான ஒப்பந்தத்தையும் அவசரமாகக் கொடுத்துவிட அது முனைந்தது. அரசு, குறித்த நாளுக்கு முன்பாகவே, 1889 மார்ச் 21 அன்று, பொறுப்பைப் பறித்துப் புதிய அமைப்பின் கையில் கொடுத்தது.

அந்தப் புதிய அமைப்புதான் லண்டன் கவுண்டி கவுன்சில். லண்டன் முழுவதையும் ஒரு தனிக் கவுண்டியாக, நம் ஜில்லாவைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவாக ஆக்கி, 118 உறுப்பினர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர்கள் 19 மூத்த உறுப்பினர்களை, ஆல்டர்மன் என்பார்கள், சேர்த்துக்கொண்டார்கள். உறுப்பினர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த முதல் சபையின் பெயர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும். யார் என்ன தொழிலிலிருந்து வந்தார் என்பது வெறும் வாழ்க்கைக் குறிப்பல்ல; வேறு பிழைப்பு இருந்தவர்கள் மட்டுமே அங்கே அமர முடியும் என்பதே முதற்செய்தி.

முதல் தலைவர் ரோஸ்பெரி பிரபு. பிழைப்பு என்ற சொல்லே அவருக்குப் பொருந்தாது. பெருநிலக்கிழார், பந்தயக் குதிரைகளின் சொந்தக்காரர், முன்னாள் வெளியுறவு அமைச்சர். பின்னாளில், 1894இல், பிரதமரானார். அவருக்குப் பின் 1890இல் தலைமை ஏற்ற ஜான் லப்பக் என் மனத்துக்கு நெருக்கமானவர். குடும்பத் தொழில் வங்கி. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். ஆனால் வங்கிக் கணக்கை மூடியபின் அவர் வீட்டில் எறும்புப் புற்றுகளைக் கண்ணாடித் தட்டுகளுக்கிடையே வைத்து மணிக்கணக்காகக் கவனித்துக்கொண்டிருந்தார். டார்வினின் அண்டைவீட்டுக்காரர், மாணவர் என்றே சொல்லலாம். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று இன்று நம் பள்ளிப் பாடநூல்களில் வரும் பிரிவினைக்கு 1865இல் பெயர் சூட்டியவர் இந்த வங்கிக்காரரே. இப்படிப்பட்ட ஒருவர் சாக்கடை வரி பற்றிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார் என்பதை எண்ணும்போது ஒரு சிறு பொறாமை எழுவதைத் தடுக்க முடியவில்லை.

இனி அவையின் மறுகோடி. பாட்டர்ஸி தொகுதியிலிருந்து வந்த ஜான் பர்ன்ஸ் சிறுவனாக மெழுகுவத்தித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பின்னர் பொறிவினைஞராகப் பயிற்சி பெற்று மேற்கு ஆப்பிரிக்காவரை சென்று திரும்பியவர். 1887இல் டிரஃபால்கர் சதுக்கக் கலவரத்துக்காக மறு ஆண்டில் ஆறு வாரம் சிறையில் இருந்தார். அதற்கடுத்த ஆண்டில் மாநகரை ஆளும் அவையில் இருந்தார். சம்பளமில்லாத பதவியில் ஒரு தொழிலாளி எப்படி உட்காருவது? அவருடைய தொகுதித் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். பர்ன்ஸும் அவரைப் போன்றோரும் சபைக்குள் கொண்டுவந்த அறிவு எந்த நூலிலும் இல்லாதது: ஒப்பந்தக்காரர் மிகக் குறைந்த தொகைக்கு வேலையை எடுத்தால் அந்தக் குறைவு யார் வயிற்றிலிருந்து வருகிறது என்பது. சங்கங்கள் ஏற்ற கூலியைக் கொடுப்பவர்க்கே ஒப்பந்தம் என்ற விதியும், 1892இல் தொடங்கிய, கவுன்சிலே நேரடியாக ஆட்களை வைத்து வேலை செய்யும் பணித்துறையும் அந்த அறிவிலிருந்து பிறந்தவை. அந்தத் துறையை 1909இல் எதிர்க்கட்சியார் மூடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாப்ளரின் வில் க்ரூக்ஸ் 1892இல் வந்தார். பீப்பாய் செய்யும் தொழிலாளி. தந்தை கப்பலில் கரி அள்ளுபவர். விபத்தில் ஒரு கையை இழந்தார். குடும்பம் பிழைக்க வழியின்றிப் பாப்ளர் ஏழைகள் விடுதியில் சேர்ந்தபோது வில் சிறு பிள்ளை. அதே விடுதியை நடத்தும் காப்பாளர் குழுவுக்கு அவர் பின்னர் தலைவரானார். ஞாயிறு காலைகளில் கிழக்கிந்தியத் துறைமுக வாயிலில் நின்று அவர் நிகழ்த்திய உரைகளுக்கு ஊரார் ‘க்ரூக்ஸ் கல்லூரி’ என்று பெயரிட்டிருந்தார்கள். இவருக்கும் கூலி சேர்த்துக் கொடுத்தது அவர் வாழ்ந்த தெருக்கள்தாம். கவுன்சிலில் பாலங்கள் குழுவின் தலைமை அவரிடம் வந்தது. நதியின் தென்கரையில் குடியிருந்து வடகரைத் துறைமுகத்தில் வேலை பார்ப்பவனுக்கு விடிகாலை மூடுபனியில் படகு ஓடவில்லை என்றால் அன்றையக் கூலி போயிற்று. இதை ஒருவர் குழுவுக்கு விளக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை, ஏனெனில் தலைவரே துறைமுகத்தில் உழைத்தவர். க்ரீனிச் நடைச் சுரங்கம் 1902 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தேம்ஸுக்கு அடியில், கட்டணமின்றி, நடந்து போகலாம். இன்றும் போகலாம்.

அந்தச் சுரங்கத்தையும், 1897இல் திறந்த பிளாக்வால் சுரங்கத்தையும் வடிவமைத்தவர் கவுன்சிலின் தலைமைப் பொறியாளர் அலெக்சாண்டர் பின்னி. அவருடைய தொழில் வரலாற்றில் நமக்கு ஒரு தெரிந்த ஊர் தட்டுப்படுகிறது. 1868இல் இந்தியப் பொதுப்பணித் துறையில் சேர்ந்து நாகபுரியில் பணிபுரிந்தார். அந்நகரின் குடிநீர்த் திட்டத்தை உருவாக்கினார். மழையையும் ஏரியையும் கணக்கிட்டுப் பழகிய கை பிறகு பிராட்ஃபோர்டுக்கும் லண்டனுக்கும் போயிற்று. காலனிகள் கொடுத்தவற்றில் பருத்தியையும் தேயிலையையும் எழுதுகிறவர்கள் இத்தகைய தொழில் அனுபவத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மற்றவர்களை வேகமாகக் கடந்து செல்கிறேன். சிட்னி வெப், காலனிகள் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், தாய் சிகையலங்காரக் கடை நடத்தியவர். கவுன்சிலின் தொழிற்கல்வி வாரியத்தை நடத்தி ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். அதற்கான பணத்தின் பெரும்பகுதி ‘விஸ்கிப் பணம்’. மதுக்கடைகளை மூடினால் நஷ்டஈடு கொடுக்கவென்று விதித்த வரி, அத்திட்டம் தோற்றதால், கல்விக்குத் திருப்பப்பட்டது. ஜான் பென், மரச்சாமான்களை வடிவமைத்தவர், அத்தொழிலுக்கென 1880இல் பத்திரிகை தொடங்கியவர். மாநகர டிராம் வண்டிகளுக்காகப் போராடி 1904இல் தலைவரானார். அவருடைய மகன் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சர்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வருவார்கள், போவார்கள். அலுவலகத்தை நிலைநிறுத்துபவர் தலைமை எழுத்தர். 1900 முதல் 1914 வரை அந்தப் பதவியில் இருந்த லாரன்ஸ் கோம், ஊழலில் மூழ்கிய அந்தப் பழைய வாரியத்தில் இளைஞராகச் சேர்ந்து கறைபடாமல் வெளிவந்தவர். பகலில் புள்ளிவிவரம், கோப்பு, தீர்மானம். மற்ற நேரத்தில் நாட்டார் வழக்காறு. 1878இல் இங்கிலாந்தின் நாட்டார் வழக்காற்றியல் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் இவர். மனைவி ஆலிஸ் குழந்தைகளின் தெரு விளையாட்டுகளை இரு பெருந்தொகுதிகளாகத் தொகுத்தார். பழங்கதையைச் சேகரிப்பவரின் கண் கோப்புகளுக்குள்ளும் புகுந்தது. பெரியோர் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பலகை பதிக்கும் வேலையைக் கவுன்சில் 1901இல் ஏற்றது. 1903இல் பதித்த முதற்பலகை மெக்காலே வாழ்ந்த வீட்டில். சென்னையில் கரையிறங்கி ஊட்டி மலையேறிப் போய் பெண்டிங்கைச் சந்தித்து, மறு ஆண்டில் நம் கல்வியின் போக்கையே மாற்றிய குறிப்பை எழுதிய அதே மெக்காலே. நாட்டார் கதைகளைப் போற்றியவரின் அலுவலகம் முதலில் நினைவுகூர்ந்தது அவரைத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கசப்பான சிரிப்பு உண்டு.

இவ்வளவு பலவகைத் தொழில் அனுபவம் கூடிய அவையிலும் கண் எட்டாத இடங்கள் இருந்தன. ஷோர்டிச்சில் பழைய நிக்கல் என்ற சேரியை இடித்துவிட்டு, அழகிய செங்கல் குடியிருப்புகளைக் கவுன்சிலின் இளம் கட்டடக் கலைஞர்கள் எழுப்பினார்கள். 1900இல் இளவரசர் திறந்துவைத்தார். இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வெளியேறிய ஆயிரக்கணக்கானவரில் புதிய வீட்டுக்கு வாடகை கொடுத்துத் திரும்பி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. பொறிவினைஞர் இருந்தார், பீப்பாய்த் தொழிலாளி இருந்தார். வண்டி தள்ளி விற்பவரும் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டுபவரும் அந்த அவையில் இல்லை. வீட்டு அறைதான் தம் பட்டறையும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை.

பெண்களின் நிலை வேறு. இவர்களிடம் தொழில் இருந்தது, வாக்கும் இருந்தது, நாற்காலிதான் இல்லை. 1889 தேர்தலில் பிரிக்ஸ்டனில் வென்ற சாண்ட்ஹர்ஸ்ட் சீமாட்டி நோயுற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியவர். தோற்ற வேட்பாளர் நீதிமன்றம் போனார். பெண் உறுப்பினராக இருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பு வந்து, தோற்றவருக்கே இடம் கிடைத்தது. ஜேன் காப்டன் வென்றது போ-ப்ராம்லியில். ஆல்டர்மனாகச் சேர்க்கப்பட்ட எம்மா கான்ஸ் ஏழைகளின் குடியிருப்புகளை வருடக்கணக்காக நிர்வகித்தவர். வாடகை வசூலும், ஒழுகும் கூரையும், குடித்துவிட்டு வரும் கணவனும் அன்றாடம் கண்ட விஷயங்கள். சாராய நெடியடித்த ஒரு பழைய அரங்கை 1880இல் காப்பிக் கொட்டகையாக்கியவரும் அவரே. அதுதான் பின்னாளில் ஓல்ட் விக் நாடக அரங்கமாயிற்று. வீட்டு வசதி பற்றி அந்த அவையில் அவரளவு அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஓராண்டுக்குள் வழக்குத் தொடரப்படாத தேர்வைப் பின்னர் செல்லாததாக்க முடியாது என்ற விதியை நம்பி இருவரும் ஓராண்டு வாக்களிக்காமல் பொறுமையாக இருந்தார்கள். பிறகு வாக்களித்தார்கள். சக உறுப்பினர் ஒருவரே வழக்குத் தொடுத்தார். காப்டனுக்கு 250 பவுண்டு அபராதம். மேல்முறையீட்டில் ஐந்து பவுண்டாகக் குறைந்தது. உறுப்பினர்தான், ஆனால் வாக்களித்தால் குற்றம் என்பது நீதியின் விசித்திரம்.

சட்டம் மாற 1907 வரை ஆயிற்று. 1910 தேர்தலில் உள்ளே வந்த பெண்களில் சூசன் லாரன்ஸ் என்பவர் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர், பழமைவாதக் கட்சியின் பக்கம் நின்றவர். 1904 முதல் லண்டன் பள்ளிகள் கவுன்சிலின் பொறுப்பில் இருந்தன. அந்தப் பள்ளிகளைக் கூட்டித் துடைக்கும் பெண்களுக்கு என்ன கூலி கொடுக்கப்படுகிறது என்பதை அவர் பார்க்க நேர்ந்தது. தன் கட்சி அதை மாற்ற முன்வராததால் 1912இல் அவையிலிருந்தே விலகினார். மறு ஆண்டில் தொழிற்கட்சியின் வேட்பாளராகத் திரும்பி வந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தனுப்பியது பாப்ளர், க்ரூக்ஸின் ஊர்.