சாலை விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை என்ன? அந்தமான் செல்லும் தமிழகப் பயணிகள் அறிய வேண்டிய விதிகள்

அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தை (முன்பு போர்ட் பிளேர்) அடுத்த புரோத்ராபூரில் கார் விபத்தில் சிக்கினாலும், சென்னை அண்ணா சாலையில் சிக்கினாலும் பொருந்தும் சட்டம் ஒன்றே: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். விபத்து நேர்ந்த பின் எடுக்கும் நடவடிக்கைகளே உயிரையும் இழப்பீட்டு உரிமையையும் காக்கின்றன.

முதல் ஒரு மணி நேரம்

வாகனத்தை நிறுத்தி, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என 134-ஆவது பிரிவு கூறுகிறது. காயம் ஏற்பட்டதிலிருந்து முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டம் 'பொன்னான நேரம்' என வரையறுக்கிறது.

மத்திய அரசு 2025-ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

உதவ முன்வருவோர் அஞ்சத் தேவையில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. பெயர், முகவரியைத் தெரிவிக்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது.

காவல் துறையும் காப்பீடும்

சம்பவ இடத்தில் காவலர் இல்லையெனில், ஓட்டுநர் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குப் பாலிசி எண், விபத்து நிகழ்ந்த நாள், நேரம், இடம், காயமடைந்தோர் விவரம், ஓட்டுநரின் உரிமம் ஆகியவற்றை எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பதும் கட்டாயம். வாகனங்களின் பதிவு எண்கள், சேதம், சாலையின் நிலை ஆகியவற்றைப் படம் எடுத்து வைப்பது பின்னர் உதவும். சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு அங்கேயே சமரசம் செய்துகொள்வது நல்லதல்ல. உள்காயங்கள் சில நாள்கள் கழித்தே தெரியவரக்கூடும்.

இழப்பீடு எவ்வளவு?

164-ஆவது பிரிவின் கீழ், எவர் மீது தவறு என நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும், கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் பெறலாம். ஆனால், 149-ஆவது பிரிவின் நடைமுறைப்படி இத்தொகையை ஏற்றுக்கொண்டால், 166-ஆவது பிரிவின் கீழ் கூடுதல் இழப்பீடு கோரும் மனு செயலிழந்துவிடும். எனவே, வழக்கறிஞரை ஆலோசித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். மோதிவிட்டுத் தப்பிய வாகனத்தை அடையாளம் காண இயலாவிடில், உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரமும் வழங்கப்படும்.

சொந்த ஊரிலேயே மனு செய்யலாம்

தீவில் காயமடைந்து ஊர் திரும்பியவர்கள் வழக்குக்காக மீண்டும் கடல் கடக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் பகுதிக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு தாக்கல் செய்யலாம். இதற்கு 166(3) பிரிவு விதிக்கும் காலவரம்பு 6 மாதங்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவ ஆவணங்கள், செலவு ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களைத் தீவிலிருந்து புறப்படும் முன்பே பெற்றுக்கொள்வது நல்லது.