தசையில் தங்காத புற்று: பெருங்குடல் புற்றுநோயின் அரிய பரவல் குறித்து

பெருங்குடல் புற்றுநோய் எங்கே பரவும் என்பதை இரத்த ஓட்டமே முடிவு செய்கிறது என்ற விளக்கம் பாதி தூரம்தான் செல்லும். குடலின் இரத்தம் வாயிற்சிரை வழியாக முதலில் கல்லீரலை அடைகிறது. கீழ் மலக்குடலின் இரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமல் நுரையீரலுக்குப் போகிறது. இவ்விரு உறுப்புகளும் முதலில் பாதிக்கப்படுவதற்கு இந்தக் காரணம் போதும். எலும்புத்தசைக்கு வந்தால் கணக்கு இடறுகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தசை. இரத்த ஓட்டத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆயினும் அங்கே குடற்புற்று கட்டியாக வளர்வதைத் தனிநோயாளர் அறிக்கைகளில்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

கல்லீரலும் நுரையீரலும் செல்களை வடிகட்டிவிடுகின்றன என்று சிலர் விடை சொல்லக்கூடும். ஆனால் அவ்விரண்டையும் தாண்டவே தேவையில்லாத நுரையீரல் புற்றுநோயும் மூளைக்கு அடிக்கடி போகிறது, தசைக்கு அரிதாகவே போகிறது. ஆகவே, செல்கள் தசையை அடைவதில்லை என்பதைவிட, அடைந்தும் அங்கே வளர முடிவதில்லை என்பதே பொருத்தமான முடிவு. புற்றுச் செல் விதை, அது சேரும் உறுப்பு நிலம், ஏற்ற நிலத்தில்தான் விதை முளைக்கும் என்று 1889இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் மார்பகப் புற்றுநோயை வைத்து முன்வைத்த கருத்துக்குத் தசையைவிடக் கடுமையான சோதனைக்களம் இல்லை.

உடற்கூறாய்வுகளும் இதற்கு இடம் தருகின்றன. தசையில் பரவல் கண்ட விகிதம் ஒரு தொகுப்பில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு, வேறு சிலவற்றில் 16 விழுக்காட்டையும் தாண்டுகிறது. தசையை முறையாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கே உயர்ந்த எண் கிடைத்தது. வழக்கமான ஆய்வில் அப்படி யாரும் தேடுவதில்லை.

தடை எது? லாக்டிக் அமிலம் என்பது பழைய விடை. புற்றுச் செல்களே ஏராளமாக லாக்டேட்டை உண்டாக்குபவை என்பதால், அது மட்டுமே காரணம் என்பதை ஏற்பது கடினம். சுருங்கும் தசையின் இயக்க அழுத்தம் செல்களைச் சிதைக்கிறது என்பதற்கு எலிகளில் ஆதாரம் உண்டு. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியின் தசையிலும் பரவல் அரிதாகவே இருப்பதை அது விளக்காது. 2022இல் சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் வலுவானது: எலித் தசையில் மார்பகப் புற்றுச் செல்களை ஆக்சிஜனேற்ற அழுத்தம் அடக்கி வைக்கிறது; அந்த அழுத்தத்தைத் தணிக்கும் கேட்டலேஸ் நொதியைக் கூட்டினால் அவை வளர்கின்றன. குடற்புற்றுச் செல்களுக்கும் இது பொருந்துமா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும்.

மருத்துவரின் மேசையில் இந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது. இடுப்பின் சோவாஸ் தசையிலோ பிட்டத் தசையிலோ வலியுடன் எழும் கட்டியை மென்திசுப் புற்றான சார்கோமா என்றோ, காசநோய் மிகுந்த நாடுகளில் சீழ்க்கட்டி என்றோ முதலில் நினைப்பது இயல்பு. எம்.ஆர்.ஐ. படம் மட்டும் இவற்றைப் பிரித்துவிடாது. பெட் ஸ்கேனிலோ, அண்மையில் உழைத்த தசைகூட ஒளிரும். முன்பு குடற்புற்றுக்குச் சிகிச்சை பெற்றவரிடம் இத்தகைய கட்டியைக் கண்டால் ஊசித் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எடுத்த திசுவில் சிகே20, சிடிஎக்ஸ்2 என்ற புரதக் குறிகள் இரண்டும் இருந்து சிகே7 என்ற குறி இல்லாதிருந்தால் மூலம் குடல் என்பதற்கு அது வலுவான சான்று. அதன் பிறகே அறுவையா, கீமோவா என்ற பேச்சுக்கு இடம்.